எந்தப் பக்கம் மடிப்பது?

வேங்கைமங்கலம் ஜமீன்தாருக்கு எதையும் முடிவு செய்ய வராது. ஊருக்கே தெரிந்த அதை மொக்கையன் சந்தையில் சத்தமாகச் சொல்லிவிட்டான்.

“நம்ம எசமான் மதில்மேல் பூனை. எந்தப் பக்கம் குதிப்பாருன்னு அவருக்கே தெரியாது.”

பொழுது சாய்வதற்குள் அவனைக் கொட்டடியில் அடைத்தார்கள். மறுநாள் அவன் பெண்டாட்டி அங்கம்மா ஜமீன்தார் முன்னால் போய் நின்றாள். அரண்மனைச் சமையல் அவள் கையில்தான்.

“நானா பூனை?” என்று ஜமீன்தார் உறுமினார். “உன் புருஷன் சொன்னது நெசம்னு இன்னைக்கே நிரூபி, விட்டுடறேன். இல்லேன்னா உன் புருஷனுக்கு ஆறு மாசம் கொட்டடிதான்.”

“நிரூபிக்கிறேன் எசமான். முதல்ல சாப்பிட வாங்க.”

பந்தியில் இருபது பேர். ஜமீன்தார் வத்தக்குழம்பை மூன்று தடவை கேட்டு வாங்கினார், பாயசத்தை வழித்து நக்கினார். இலையை மடிக்கக் கை வைத்ததும் அங்கம்மா முன்னால் வந்தாள்.

“சாப்பாடு திருப்தின்னா இலையை உங்க பக்கமா மடிங்க எசமான், அவரை விட்டுடலாம். இல்லேன்னா சாவு வீட்டுல மாதிரி எதிர்ப்பக்கமா மடிங்க. அவர் உள்ளேயே கிடக்கட்டும்.”

ஜமீன்தார் தன் பக்கம் இழுத்தார். தோற்றதாகிவிடுமே! எதிர்ப்பக்கம் தள்ளினார். சொந்த வீட்டில் சாவு மடிப்பா? கீழே வைத்தார். மறுபடி எடுத்தார். அவர் எழாமல் பந்தியில் ஒருவரும் எழக்கூடாது. இருபது பேர் கையிலும் சோறு காய்ந்தது.

கணக்குப்பிள்ளைக்குத்தான் பொறுக்கவில்லை. “எந்தப் பக்கமாவது குதிச்சிடுங்க எசமான்!”

பந்தியே சிரித்தது. ஜமீன்தார் அங்கம்மாவை முறைத்தார்.

“நான் ஒண்ணும் சொல்லலியே எசமான்” என்றாள் அவள்.

இலை அவர் பக்கமாக மடிந்தது.

அன்றைக்கே மொக்கையன் அதே வத்தக்குழம்பை ஒரு பிடி பிடித்தான். இலையை மடிக்க அவன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.