உளுந்துக் காட்டுக்குப் பந்தல்

நெட்டூரணிக்காரர்கள் நல்லவர்கள். யார் எதைச் சொன்னாலும் சொன்னபடியே செய்வார்கள். அதுதான் தொல்லையே.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. அந்த ஊர் விவசாயி மாரநாட்டின் உளுந்து பூவெடுக்காமல் சுருண்டு கிடந்தது. அது போனால் வீட்டில் உலை ஏறாது. மூட்டை மூட்டையாய் சூப்பர் பாஸ்பேட் உரம் போட்டும் பயிர் அசையவில்லை. பாவம், மனுஷன் வேளாண்மை ஆபீசுக்கே ஓடினார்.

"ஈரமில்லாம நீங்க போட்ட உரம் மண்ணோட ஒட்டிக் கிடக்குங்க," என்றார் அலுவலரம்மா. "இந்தப் பொடியில கண்ணுக்குத் தெரியாத உயிருங்க இருக்கு. அதுங்க உரத்தைக் கரைச்சு வேருக்குக் கொடுக்கும். தொழுவுரத்துல கலந்து சாயங்காலமாத் தூவுங்க. வெயில் பட்டா செத்துடும், ஜாக்கிரதை."

மாரநாடு அப்படியே தூவினார். மறுநாள் காலையில் வழக்கம்போல வெயில் வந்தது. "ஐயையோ, செத்துடுமே!" என்று ஊருக்குள் ஓடினார்.

மைத்துனன் சோணை ஊரையே கூட்டி வந்தான். கல்யாணத் தார்ப்பாய், நெல் காயப்போடும் படுதா என்று கிடைத்ததையெல்லாம் கட்டி, உளுந்துக் காடு முழுக்கப் பந்தல் போட்டார்கள்.

"மச்சான், அம்புட்டு உரத்தையும் அதுங்கதானே எடுத்துக் குடுக்கணும். வெறும் வயித்தோடவா?" என்றான் சோணை.

"அதானே. என்னத்தைத் திங்கும்?"

"பல்லு இருக்கான்னு தெரியல. கஞ்சியே ஊத்துவோம்."

ஊற்றினார்கள். எறும்பு மொய்த்தது. கூப்பிடாத ஆளெல்லாம் பந்தியில் உட்காருதே என்று, ஊரே குத்தவைத்து எறும்பை ஒவ்வொன்றாய்ப் பொறுக்கி வரப்புக்கு அந்தப் பக்கம் விட்டது.

அந்த வாரக் கடைசியில் இடி இடித்து மழை கொட்டியது. மாரநாட்டுக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. பந்தலுக்கு மேல் தண்ணீர் தொந்தி தொந்தியாய்த் தேங்கியது. பாயை அவிழ்த்துவிட்டால் போதும், காடு நனைந்துவிடும். முடிச்சில் கை வைத்தார்.

"மச்சான், இருங்க," என்றான் சோணை. "அதுங்களுக்கு நீச்சல் தெரியுமா?"

மாரநாடு கையை எடுத்துக்கொண்டார். ஆபீசில் இதைக் கேட்காமல் வந்துவிட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

அப்புறம் என்ன! ஆளுக்கொரு கம்போடு, தேங்கிய தண்ணீரையெல்லாம் தள்ளித் தள்ளி ஓடையில் விட்டார்கள். ஒழுகிய இடத்திலெல்லாம் பெண்கள் அண்டா வைத்துப் பிடித்தார்கள்.

மறுநாள் அலுவலரம்மா வந்தார். சுற்றிலும் எல்லார் காட்டிலும் தண்ணீர் நின்றது. மாரநாட்டின் காட்டில் மட்டும் புழுதி பறந்தது. அம்மா வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஒண்ணுகூட முழுகலம்மா. எல்லாரும் பத்திரம்," என்றார் மாரநாடு பெருமையாய். அப்புறம் வாடிய செடி ஒன்றைத் தடவிக்கொடுத்தார். "பயிருதான் இனிமே தாங்காது போலிருக்கு. நம்ம காட்டுக்கு மழை எப்பம்மா வரும்?"