ஒச்சப்பன் போட்ட கல்யாணப் பிளான்

வெட்டுவாங்குளத்துக்கு வரும் பஸ் அந்த ஊரோடு திரும்பிவிடும். அதற்கு அப்பால் போய் ஆகவேண்டியது ஒன்றுமில்லை என்பது டிரைவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அப்படிப்பட்ட ஊரில் பந்தல் கான்ட்ராக்ட் எடுத்துப் பிழைத்துவந்தவன் ஒச்சப்பன். கூட வேலைக்குத் தவசி, பால்ச்சாமி, வீரணன் என்று மூன்று பேர். நாலு பேருமே தங்கமானவர்கள். சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள். அவர்களிடம் இருந்த கோளாறும் அதுதான்.

இன்னொரு கோளாறும் உண்டு. எந்த வேலையும் நேரத்துக்கு முடியாது. ஒரு காதுகுத்துக்கு அவர்கள் போட ஆரம்பித்த பந்தலில் கடைசித் தகரம் ஏறியபோது, அந்தப் பிள்ளை கம்மலைத் தொலைத்து அதற்கு அடியும் வாங்கி முடித்திருந்தது.

இந்த லட்சணத்தில் முப்பத்தேழாவது வயதில் ஒச்சப்பனுக்குக் கல்யாணம் கூடிவந்தது. பெண் செவ்வந்தி, பால் சொசைட்டியில் வேலை பார்ப்பவள். அவளாகவே விரும்பித்தான் அவனைச் சொன்னாள். ஏன் என்று கேட்டதற்கு, "அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது. எனக்கு அது போதும்" என்றாள். ஒச்சப்பனுக்கும் அவள் மேல் கொள்ளை ஆசை. வீட்டில் இரண்டு எருமை கறந்துகொண்டிருக்க, தினமும் தூக்குவாளியோடு சொசைட்டிக்குப் போய் வரிசையில் நின்றான்.

செவ்வந்தியின் அப்பா பரமானந்தம் ஒரு ரோடு கான்ட்ராக்டரிடம் முப்பது வருஷம் ஓவர்சியராக இருந்தவர். ஒச்சப்பனைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"இந்தா பாரப்பா. எம்மக கல்யாணத்துக்கு நீதான் பந்தல் போடணும். ஆனா கம்ப்யூட்டர்ல பிளான் போட்டுத்தான் போடணும். கடைசிக் காலத்துல எங்க கம்பெனியில அப்படி ஒரு சாஃப்ட்வேர் வந்துச்சு. நீயும் போய்ப் படிச்சுக்க. முகூர்த்தம் ஒம்பதுல இருந்து பத்தரை. பத்தரைக்குள்ள பிளான்ல இருக்கிற அம்புட்டும் நூறு சதவீதம் முடிஞ்சு பச்சையா நிக்கணும். துளி குறைஞ்சாலும் அதே பந்தல்ல எந்தங்கச்சி மகன் கஜேந்திரனுக்குக் குடுத்துருவேன். அவன் சும்மாத்தான் இருக்கான்."

கஜேந்திரன் சும்மா இருந்தது உண்மைதான். பதினோரு வருஷமாக அப்படித்தான் இருக்கிறான்.

டவுனில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் நாலு நாள் வகுப்பு. நாலு பேரும் குளித்து, திருநீறு பூசி, முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்கள். ரெஜினா மேடம் நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தாள். அவள் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது.

"பெரிய வேலையைச் சின்னச் சின்ன வேலையா உடைங்க. இனிமே உடைக்க முடியாதுங்கிற வரைக்கும் உடைங்க. ஒரு வேலைக்கு ஒரே ஒரு ஆள்தான் பொறுப்பு. எது முடிஞ்சு எது ஆரம்பிக்கணும்னு அம்பு போடுங்க. பெரிய வேலைக்கு நூறுன்னா, அந்த நூறைச் சின்ன வேலைகளுக்குப் பிரிச்சுக் குடுங்க. எல்லாம் முடிஞ்சு நூறு வந்தா பச்சை. தேதி தாண்டிட்டா சிவப்பு. எதையும் சிவப்புல நிக்க விடாதீங்க."

பழகிப் பார்ப்பதற்காக 'ஆறுக்கு ஆறு பாத்ரூம் கட்டுதல்' என்று ஒரு பிளானும் போடவைத்தாள். வகுப்பு முடிந்ததும் அவர்கள் பழகிய பழைய லேப்டாப்பையே இரவலாகக் கொடுத்து அனுப்பினாள்.

கல்யாணத்துக்கு இருபது நாள் இருந்தது. பெண் வீட்டு வாசலில் இருந்த காலி இடத்தில் நாலு பேரும் இறங்கினார்கள். பத்தாவது வரை படித்தவன் என்பதால் லேப்டாப் தவசியின் மடியில். திறந்தவன் திடுக்கிட்டான்.

"அண்ணே, இன்னும் பந்தலையே ஆரம்பிக்கல. அதுக்குள்ள பதினாலு வேலை சிவப்புல நிக்குது."

"இது மேடம் பழகிக்கச் சொன்னதுடா. நம்ம வேலை இல்ல."

"பொறுப்புன்னு உங்க பேருதான்ணே இருக்கு."

ஒச்சப்பன் குனிந்து பார்த்தான். இருந்தது. வகுப்பில் அவனே ஆசையாக அடித்த பேர்.

"அழிச்சிரலாமே" என்றான் பால்ச்சாமி.

தவசி அழுத்தினான். 'நிச்சயமாக அழிக்கவா?' என்று சாஃப்ட்வேர் கேட்டது. நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எனக்கு அம்புட்டு நிச்சயமாச் சொல்ல முடியாதுண்ணே" என்றான் வீரணன்.

"எனக்கும் கொஞ்சம் சந்தேகமாத்தான் இருக்கு" என்றான் பால்ச்சாமி.

நிச்சயம் இல்லாமலே நிச்சயம் என்று சொல்ல ஒச்சப்பனுக்கு மனசு வரவில்லை. 'இல்லை' என்பதை அழுத்தச் சொன்னான். மறுநாள் காலையில் ஒரு லோடு செங்கல் வந்து இறங்கியது.

பரமானந்தம் பத்திரிகை வைக்க வெளியூர் போயிருந்தார். எட்டு நாள் கழித்துத் திரும்பியபோது, மணவறை வரவேண்டிய இடத்தில் ஒரு பாத்ரூம் நின்றது. நீலக் கதவு, உள்ளே வெள்ளை டைல்ஸ், மூலையில் சோப்பு வைக்க ஒரு மாடம்.

"என்னப்பா இது?"

"பாத்ரூம் மாமா. பச்சையாயிருச்சு."

முப்பது வருஷம் ரோடு போட்ட மனிதர் அவர். எட்டே நாளில் ஒரு வேலை முழுசாக முடிந்து அன்றுதான் முதல் தடவையாகப் பார்க்கிறார். கோபப்படுவதா சந்தோஷப்படுவதா என்று தெரியாமல் உள்ளே போய்க் குழாயைத் திறந்து பார்த்தார். தண்ணீர் வந்தது. குழாயை மூடிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

பிறகு பந்தலை உடைக்க ஆரம்பித்தார்கள், அதாவது பிளானில். பந்தல் என்றால் கால் நட வேண்டும். கால் நட, குழி தோண்ட வேண்டும். குழி தோண்ட, கடப்பாரையை எடுக்க வேண்டும். எடுக்க, குனிய வேண்டும்.

"குனியிறதை உடைக்க முடியுமா?" என்று ஒச்சப்பன் கேட்டான்.

பால்ச்சாமி எழுந்து இரண்டு தடவை குனிந்து பார்த்தான். "முடியும்ணே. முதல்ல இடுப்பு மடங்குது. அப்புறம்தான் முழங்கால்."

"அப்ப ரெண்டாப் போடு தவசி."

இப்படி ஒரு கால் நடுவதற்கு மட்டும் நாற்பத்தொரு வேலை வந்தது. எல்லாவற்றையும் எழுதி முடிக்க மூன்று நாள் ஆயிற்று.

முதல் சவுக்குக் கம்பைத் தூக்கும் நாள் வந்தது. பதினெட்டு அடிக் கம்பு. ஒரு வேலைக்கு ஒரு ஆள் என்பதால், தலைப்பக்கம் தூக்குதல் பால்ச்சாமி பொறுப்பு, கால்பக்கம் தூக்குதல் வீரணன் பொறுப்பு, நடுவில் ஓர் அம்பு. பால்ச்சாமி தலைப்பக்கத்தைத் தூக்கினான். தவசி முடிந்தது என்று குறித்தான். முடிந்த வேலையைப் பிடித்துக்கொண்டு நிற்பானேன் என்று பால்ச்சாமி கீழே வைத்தான். உடனே வீரணன் கால்பக்கத்தைத் தூக்கினான். அதுவும் முடிந்தது. பிளானில் கம்பு முழுசாகத் தூக்கியாயிற்று, தரையில் கிடந்த கம்பு கிடந்தபடி கிடந்தது. மத்தியானம் வரை திரும்பத் திரும்பத் தூக்கினார்கள்.

சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்த செவ்வந்தி கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். "ஏங்க, நடுவுல இருக்கிற அந்த அம்பை எடுத்துருங்களேன். ரெண்டு பேரும் சேர்ந்து தூக்கட்டும்."

அம்பை எடுத்தார்கள். கம்பு எழுந்தது. இப்பேர்ப்பட்டவள் தனக்கு வாய்க்கப்போகிறாளே என்று ஒச்சப்பனுக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் தவசி மிச்சம் இருந்த அம்புகளையும் எடுத்துவிட்டான். சாயங்காலம் செவ்வந்தி வேலை முடிந்து திரும்பும்போது, கால் நடாத இடத்தில் பால்ச்சாமி ஒரு தகரத்தைத் தலையில் தாங்கிக்கொண்டு நின்றான். கூரை போடுதல் ஆரம்பித்துவிட்டதாம். அவள் லேப்டாப்பை வாங்கி, ராத்திரிச் சாப்பாட்டுக்குள் அம்புகளைத் திருப்பிப் போட்டுக் கொடுத்தாள்.

எப்படியோ, கல்யாணத்தன்று காலை எட்டு ஐம்பதுக்குப் பந்தல் முழுசும் பச்சை. வாழைமரம் பச்சை, சீரியல் செட் பச்சை, நாற்காலி பச்சை. மணவறையைப் பாத்ரூமுக்கு முன்னால் போட்டு நீலக் கதவுக்கும் ஒரு மாலை மாட்டியிருந்தார்கள். பார்க்க ஒன்றும் மோசமில்லை. கஜேந்திரன் புது வேட்டி கட்டி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தான்.

பாக்கி இருந்தது கல்யாணம் ஒன்றுதான். தவசி அதையும் விடாமல் உடைத்திருந்தான். முதல் முடிச்சு மாப்பிள்ளை பொறுப்பு. இரண்டாவது முடிச்சு மாப்பிள்ளையின் அக்கா பொறுப்பு. மூன்றாவது அவர்கள் சித்தி பொறுப்பு. நூறை மூன்று பேருக்கும் சமமாகப் பிரித்துப் போட்டிருந்தான். சதவீதம் அடிக்கும் கட்டத்தில் முழு எண்தான் அடிக்க முடியும்.

கெட்டிமேளம் கொட்டியது. ஒச்சப்பன் முதல் முடிச்சைப் போட்டான். தவசி 33 என்று படித்தான். அக்கா போட்டாள், 66. சித்தி போட்டாள், 99. எல்லோரும் அட்சதை போட்டோம், மேளம் நின்றது, சாப்பிட எழுந்தோம். பந்தி வாசலில் வீரணன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான்.

"யாரும் உள்ள போகக்கூடாது. கல்யாணம் இன்னும் முடியல. அம்பு அங்கேருந்துதான் வருது."

பரமானந்தம் கையில் வாட்சைத் திருப்பியபடி மணவறைக்கு வந்தார். மணி பத்து ஐந்து. "என்னப்பா, முடிஞ்சுதா இல்லையா?"

முடிந்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வேறு எந்த மாப்பிள்ளையும் சொல்லியிருப்பான். ஒச்சப்பன் எட்டித் திரையைப் பார்த்தான்.

"ஒரு சதவீதம் பாக்கி இருக்கு மாமா."

தாலி கழுத்தில் ஏறிய பிறகு என்ன பாக்கி என்று நீங்கள் கேட்கலாம். பரமானந்தமும் எங்கள் ஊர்க்காரர்தான். "வாக்குன்னா வாக்குதான்" என்று முதல் வரிசைப் பக்கம் திரும்பினார். கஜேந்திரன் சீப்பை எடுத்துத் தலையைச் சீவினான்.

"இன்னொரு முடிச்சுப் போட்ருவோம்ணே" என்றான் பால்ச்சாமி.

"போட்டா நூத்து முப்பத்திரண்டு ஆயிரும்" என்றான் தவசி. "நூறு போக மிச்சம் முப்பத்திரண்டு யாருக்கு?"

கஜேந்திரன் எழுந்து நின்றான்.

"மிச்சம் வராம ஒரே ஒரு சதவீதத்துக்குச் சின்னதா ஒரு முடிச்சுப் போடணும்" என்றான் பால்ச்சாமி. "இப்ப இருக்கிற முடிச்சுல முப்பத்து மூணுல ஒரு பங்கு."

"அம்புட்டுச் சின்ன முடிச்சுப் போட யாருக்குடா விரல் இருக்கு?" என்றான் தவசி.

பால்ச்சாமி அக்கம்பக்கம் எல்லோருடைய விரலையும் பார்த்துக்கொண்டு வந்தான். மணி பத்து இருபத்தாறு. ஒச்சப்பன் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். மாலையில் இருந்து ஒரு பூவைப் பிய்த்துக்கொண்டே, "ஒண்ணே ஒண்ணுதான், செவ்வந்தி" என்றான்.

செவ்வந்தி கையை நீட்டித் தவசி மடியில் இருந்த லேப்டாப்பை இழுத்தாள். கடைசி 33ஐ அழித்து 34 என்று அடித்தாள். நூறு வந்தது, பச்சையானது. வீரணன் கையை இறக்கினான். ஜனம் மொத்தமும் பந்திக்குள் பாய்ந்தது. பரமானந்தம் வாட்சைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். "சாப்பிட வாங்க, மாப்ளே" என்றார்.

மாப்பிள்ளை சாப்பிடவில்லை. இலையில் சாம்பார் ஆறிக்கொண்டிருந்தது.

"ஏங்க, பசிக்கலையா?"

"செவ்வந்தி, அந்த ஒண்ணு ஏது?"

"எது?"

"நீ போட்டியே. நம்மகிட்ட தொண்ணூத்தொம்பதுதான் இருந்துச்சு. அந்த ஒண்ணு வேற யாரோடதோ. கல்யாண நாளும் அதுவுமா அடுத்தவங்க பொருள் நமக்கு எதுக்கு?"

அவள் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அதற்குள் அவன் எழுந்துவிட்டான். மாலையும் கழுத்துமாக இலை இலையாக நின்று, "உங்களுக்கு ஏதாச்சும் ஒரு சதவீதம் குறையுதாங்க?" என்று விசாரித்துக்கொண்டே வந்தான். மூன்றாவது வரிசையில் இருந்த என்னிடமும் கேட்டான். என் வாயில் பாயசம் இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினேன். கடைசியாகக் கஜேந்திரன் முன்னால் போய் நின்றான்.

"மச்சான், ஒளிக்காமச் சொல்லுங்க. அந்த ஒரு சதவீதம் உங்களோடதா?"

கஜேந்திரன் அப்பளத்தைக் கீழே வைத்தான். சட்டைப் பையைத் தடவிப் பார்த்தான். வேட்டி மடிப்பையும் அவிழ்த்துப் பார்த்தான்.

"எனக்கு எல்லாம் சரியா இருக்கு, மாப்ளே" என்றான். "தொலைச்சவங்க தேடி வருவாங்க. அதுவரைக்கும் பத்திரமா வச்சிருங்க."