தேரிக்காட்டு கௌபாய்

செம்மணல் மேடு மேடா கிடக்கிற தேரிக்கு அந்தப் பக்கம் கொம்படிவிளைன்னு ஒரு ஊர். அந்த ஊர்க்காரங்க சொன்ன வேலையைச் சொன்னபடியே செய்வாங்க. அதுதான் கஷ்டமே.

அங்கே லிங்கத்துரைக்கு வைகாசியில கல்யாணம். ஆடி பிறந்ததும் மாமனார் பொன்பாண்டி வந்து மகளைக் கூட்டிட்டுப் போனார். ஆடி போச்சு, ஆவணியும் பாதி போச்சு, செல்வக்கனி திரும்பி வரலை. போய்க் கேட்டதுக்கு மாமனார் மீசையைத் தடவிக்கிட்டு, "மூத்த மருமவன் போட்டோ பேப்பர்ல வந்திருக்கு. உம்ம மூஞ்சி எங்கயாவது வந்திருக்கா? வரட்டும், அனுப்புதேன்"னுட்டார்.

அந்த நேரம் பார்த்து ஒரு டிவி கம்பெனி தேரியில வந்து இறங்கிச்சு. குதிரை, தொப்பி, துப்பாக்கின்னு கௌபாய் தொடர். மணல்ல பலகையை நட்டு ஒரு ஊரையே எழுப்பிட்டாங்க. பேங்குக்கு முன்சுவர் மட்டும்தான், பின்னால பனங்காடு. கொள்ளைக்காரங்களா நடிக்க மூணு பேர் வேணும்னதும் லிங்கத்துரை, கூட்டாளிங்க தவசியையும் நயினாரையும் இழுத்துக்கிட்டு முதல் ஆளா போய் நின்னான்.

டைரக்டர் சொன்னார்: "மூஞ்சியில கைக்குட்டை கட்டுங்க, நான் சொல்ற வரைக்கும் அவுக்கக் கூடாது. பேங்க் பண மூட்டையைத் தூக்கிட்டு ஓடி வாங்க. டுமீல்னு சத்தம் கேட்டா விழுந்திருங்க."

லிங்கத்துரை ஒரு எட்டு முன்னால வந்தான். மூஞ்சியைக் காட்டத்தானே வந்தது!

"சார், கைக்குட்டையைக் கண்ணுல கட்டிக்கிடட்டா? மூஞ்சி தெரியும்."

"அப்புறம் பேங்கை எப்படிய்யா பார்ப்பே?"

"அது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும் சார்."

டைரக்டர் டீ சொல்லி அனுப்பினார். டீ வந்தது. அவுக்கக் கூடாதே! மூணு பேரும் கைக்குட்டை மேலயே ஊத்தி உறிஞ்சினாங்க. "வடிகட்டிக் குடிச்சா ருசியாத்தாம்லே இருக்கு"ன்னான் தவசி.

கேமரா ஓடுச்சு. மூணு பேரும் பேங்க் வாசல்ல நுழைஞ்சாங்க. போனவங்க போனவங்கதான்.

"மாப்ளே, நாம இப்ப உள்ள நிக்கோமா, வெளியே நிக்கோமா?"ன்னான் தவசி.

"வாசலைத் தாண்டிட்டோம்லா, உள்ளதான்"னான் லிங்கத்துரை.

"கூரையைக் காணோமே?"

நயினார் அண்ணாந்து பார்த்தான். "நமக்கு முந்தியே எவனோ வந்து கூரையைக் கொள்ளையடிச்சிருக்காம்லே."

"அப்ப மூட்டையும் அவனுக்குச் சேர வேண்டியதுலா? நாம எடுத்தா திருட்டு ஆயிராதா?"

வெளியே குதிரை மேல ஷெரீப்பா, அதான் கௌபாய் ஊர் போலீஸா, நடிக்கிறவர் காத்திருந்து காத்திருந்து, "ஓடினா சுட்டுருவேன்!"னு தன் வசனத்தைச் சொல்லிட்டார். மூட்டையோட வாசலுக்கு வந்த மூணு பேரும் அங்கேயே நின்னுட்டாங்க.

"ஓடுங்கய்யா!"ன்னு டைரக்டர் கத்தினார்.

"ஓடினா சுடுவேங்காரே சார்."

"சுடத்தான்யா உங்களைக் கூப்பிட்டதே!"

"அதை முதல்லயே சொல்லக் கூடாதா சார்? வீட்டுல ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்திருப்போம்லா."

அந்த நேரம் ஜெனரேட்டர் 'டுமீல்'னு வெடிச்சுது. மூணு பேரும் மரம் சாஞ்ச மாதிரி விழுந்தாங்க. குதிரை ஷெரீப்பைக் கீழே தள்ளிட்டுப் பனங்காட்டுக்குள்ள பாய்ஞ்சிருச்சு. "விழுந்ததாவது நல்லா வந்திருக்கு சார்"னு கேமராமேன் சமாதானம் சொன்னார். அதையே வச்சுத் தொடரை முடிச்சாங்க.

டிவியில வந்த அன்னிக்கு மாமனார் வீட்டுல ஊரே கூடியிருந்துச்சு. மூணு கைக்குட்டை விழுந்தது தெரிஞ்சுது, அவ்வளவுதான்.

"இதுல உம்ம மூஞ்சி எங்கவே?"ன்னார் பொன்பாண்டி.

லிங்கத்துரை விறுவிறுன்னு வெளியே போய், அதே கைக்குட்டையைக் கட்டிக்கிட்டு உள்ளே வந்தான். மாமனார் டிவியைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், எழுந்து கும்பிட்டார். "அட, அவரேதான்! செல்வக்கனி, பெட்டியை எடு தாயி!"

அவரே பஸ் ஸ்டாப்பு வரைக்கும் கூட வந்தார். நல்ல வெயில். லிங்கத்துரை கைக்குட்டையை அவுத்து வேர்வையைத் துடைச்சான்.

பொன்பாண்டி திடுக்கிட்டார். "யோவ், நீரு எப்பவே வந்தீரு? டிவிக்காரரு எங்கே? எம்மவளை அவரு கூடல்லா அனுப்புதேன்!"

"அவரு வராம நான் பஸ் ஏற மாட்டேன்"னு செல்வக்கனியும் பெட்டி மேல உட்கார்ந்துட்டா.

லிங்கத்துரை சுத்துமுத்தும் பார்த்தான். அவனுக்கும் பதட்டம்.

"இப்பத்தான் மாமா இங்க நின்னாரு. நீங்க பெட்டியைப் பார்த்துக்கிடுங்க, நான் ஒரு எட்டு போய்க் கூட்டிட்டு வாரேன்."