பேங்க் அண்ணாச்சி

முத்துப்பேச்சியின் பதினோராவது ரோஜாப்பூப் படத்துக்கும் நயினார் அதே பதிலைத்தான் அனுப்பினார். 'எங்கள் வங்கியைத் தொடர்புகொண்டதற்கு நன்றி. இருப்பு அறிய 1, கடன் விவரம் அறிய 2.'

"காலை வணக்கம் சொன்ன பொம்பளையை ஒண்ணை அமுக்கச் சொல்றீங்களே சார்," என்றாள் பக்கத்து நாற்காலியிலிருந்து ஜெசிந்தா.

வங்கியின் வாட்ஸ்அப் சேவைக்கு அவள்தான் பொறுப்பு. முப்பத்தொரு வயது. இருபத்தெட்டு வருஷம் கவுண்டரில் இருந்துவிட்டு, போன மாதம் அவளிடம் வேலை கற்றுக்கொள்ள வந்தவர் நயினார். கிண்டலாகத்தான் அவளைக் குருவே என்று கூப்பிடத் தொடங்கினார். இப்போது கிண்டல் போய்ப் பெயர் மட்டும் நின்றிருந்தது.

"பேங்குக்கு எதுக்கு குருவே பூ? கேள்வி இருந்தா கேக்கணும். இல்லேன்னா சும்மா இருக்கணும். இவங்களுக்கெல்லாம் நீங்க உக்காந்து பதில் எழுதுறீங்களே, எதுக்கு?"

ஜெசிந்தா யாருக்கோ, 'வணக்கம் அண்ணே, மருமகளுக்குக் காய்ச்சல் விட்டுதா?' என்று தட்டிக்கொண்டிருந்தாள்.

நயினார் எட்டிப் பார்த்தார். "இது பேங்கா, கல்யாண வீடா?"

"ரெண்டு இடத்துலயும் வந்தவங்களை வாங்கன்னுதானே சொல்லணும்?" என்றாள்.

மறுநாள் முத்துப்பேச்சியிடமிருந்து பூ வரவில்லை. குரல் வந்தது. அவளுக்கு வேம்பார் பக்கம் உப்பளத்தில் வேலை.

"பேங்க் அண்ணாச்சி, உங்க புது நம்பர்லேருந்து பேசுதாக. மெசேஜ்ல வந்த ஆறு நம்பரைச் சொல்லலேன்னா கால் மணி நேரத்துல கணக்கை மூடிருவாகளாம். மவ நர்சிங் படிப்புக்குக் கட்ட வேண்டிய ரூவா பூராவும் அதுலதான் கெடக்கு. சொல்லிரட்டா?"

வங்கிக்குப் புது நம்பர் எதுவும் கிடையாது. நயினார் உடனே அவளைக் கூப்பிட்டுப் பார்த்தார். அவள் வேறு யாரோடோ பேசிக்கொண்டிருந்தாள். ஜெசிந்தா தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கணக்கை முடக்கச் சொன்னாள். இருபது நிமிஷம் ஆகும் என்றார்கள்.

'சொல்ல வேண்டாம். அது மோசடி. நாங்கள்தான் உண்மையான வங்கி' என்று நயினார் அடித்து அனுப்பினார்.

"அவுகளும் அதையேதான் சொல்லுதாக அண்ணாச்சி. உங்க நம்பர்தான் களவாணி நம்பராம். அதே படம் போட்டிருக்கு. அதே நன்றி, அதே ஒண்ணு, ரெண்டு. நான் யாரை நம்ப?"

நயினார் கழுத்திலிருந்த அடையாள அட்டையைப் படம் பிடித்து அனுப்பினார்.

"அவுகளும் கார்டு அனுப்பியிருக்காக. அதுல உள்ளவரு கோட்டு போட்டிருக்காரு."

நயினார் நாற்காலியோடு திரும்பினார். "குருவே, நான் யாருன்னு இந்தம்மாவுக்கு எப்படிக் காட்டுறது?"

காதில் போனை வைத்தபடியே ஜெசிந்தா சொன்னாள்: "நீங்க யாருங்கிறதை விடுங்க சார். அந்தம்மா யாருன்னு அவங்ககிட்டச் சொல்லுங்க."

அவர் விரலால் மேலே தள்ளிக்கொண்டே போனார். பதினொரு ரோஜாக்கள். அவற்றுக்குக் கீழே இதுவரை அவர் படிக்காத வரிகள். 'இன்னிக்கு மழை. உப்பு வாரல.' 'மவளுக்கு சீட்டு கெடச்சிட்டு.' 'ஆடு ரெண்டு குட்டி போட்டிருக்கு. ஒண்ணுக்குக் கால் சரியில்ல.' ஒவ்வொன்றுக்கும் கீழே அவருடைய நன்றி, அவருடைய ஒண்ணு, ரெண்டு.

மைக்கை அழுத்தினார்.

"முத்துப்பேச்சி, கால் சரியில்லாத குட்டி எந்திரிச்சு நிக்குதா?"

அவள் கேட்டதற்கு அடையாளமாக இரண்டு நீலக்கோடுகள் விழுந்தன. நயினார் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

பிறகு குரல் வந்தது. பின்னால் காற்று அடித்துக்கொண்டிருந்தது.

"நிக்குது அண்ணாச்சி. தாங்கித் தாங்கி நடக்குது. அவன் போனை வச்சிட்டேன். ஒண்ணும் சொல்லல."

ஜெசிந்தா இன்னும் தலைமை அலுவலக லைனில் காத்திருந்தாள். நயினார் தன் டிபன் பாக்ஸைத் திறந்தார். பாதிப் புளிச்சோற்றை மூடியில் வைத்து, அவள் கைக்கு எட்டும் தூரத்துக்குத் தள்ளினார்.