கிரேனைக் கட்டிப்போட்ட கரடி

ஆற்றை ஒட்டிய ஒரு காட்டில் மழைக்காலம் வந்தாலே விலங்குகளுக்குக் கவலைதான். வெள்ளம் வந்து குட்டிகளை அடித்துக்கொண்டு போய்விடும். இந்த முறை விடக்கூடாது என்று எல்லாம் கூடி, ஒரு பெரிய பாறையின்மேல் உயரமான கல்வீடு கட்டத் தொடங்கின.

கல்லைத் தூக்க டவர் கிரேன் ஒன்றும் செய்தன. யானை அந்தப் பாறையிலேயே குழி வெட்டி அடித்தளம் போட்டது. அதன்மேல் தேக்குச் சட்டங்களால் கோபுரம் எழும்பியது. உச்சியில் முன்பக்கம் கல் தூக்க ஒரு நீண்ட கை. பின்பக்கம், கோபுரம் சாயாமலிருக்கப் பாரக் கற்கள் வைத்த ஒரு குட்டைக் கை. வீடு உயர உயர, சட்டங்களைச் செருகிக் கோபுரத்தையும் உயர்த்திக்கொண்டன.

உச்சிக் கூண்டில் உட்கார்ந்து அதை ஓட்டியது மலையணில். கட்டடத்துக்குக் காவல் கரடி. கரடிக்கு உடம்பு முழுக்கப் பலம். மனசு முழுக்கப் பயம், பாவம். இலை விழுந்தால்கூட, "யாருக்காவது அடிபட்டுவிட்டதா?" என்று ஓடிவரும்.

ஒரு நாள் மாலை வானம் கறுத்தது. வெள்ளம் பாறையைச் சூழ்ந்தது. அன்றுதான் குட்டி போட்டிருந்த புள்ளிமான், குட்டியோடு அந்த அரைகுறை வீட்டுக்குள் ஒதுங்கியிருந்தது. வெளியே போக வழியில்லை. கிரேனோ வீட்டை ஒட்டியே நின்றது.

அணில் வேலையை முடித்தது. நீண்ட கையைத் திரும்பாமல் நிறுத்திவைக்கும் பிரேக்கை விடுவித்துவிட்டு இறங்கி, வீட்டின் மறுபக்கம் படுக்கப் போயிற்று.

காற்று கிளம்பியது. நீண்ட கை மெல்லத் திரும்பியது. பிறகு இப்படியும் அப்படியும் சுழன்றது.

"ஐயையோ! அணில் பிரேக் போட மறந்துவிட்டதே!" என்று கரடி அலறியது. பயம் வந்துவிட்டால் கரடிக்கு உயரம்கூடத் தெரியாது. தடித்த காட்டுக்கொடி ஒன்றை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று ஏறி, நீண்ட கையின் நுனியில் கட்டியது. கீழே வந்து மறுமுனையைப் பக்கத்தில் துருத்தி நின்ற ஒரு பாறைமுனையில் ஒரு சுற்றுச் சுற்றி, இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

கிரேன் அசையாமல் நின்றது. "அப்பாடா!" என்றது கரடி.

காற்று பலத்தது. திரும்ப முடியாத கையின் பக்கவாட்டில் வந்து மோதியது. சட்டங்கள் கிறீச்சிட்டன. கோபுரம் வீட்டுப் பக்கமாகச் சாய்ந்தது. அடித்தளத்தில் விரிசல் ஓடியது.

"கரடி அண்ணா, தலைக்குமேல் என்ன சத்தம்?" என்று மான் நடுக்கத்தோடு கேட்டது.

"பயப்படாதே தங்கச்சி, நான் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன்!"

சத்தம் கேட்டு அணில் ஓடிவந்தது. "கொடியை விடு அண்ணா! காற்றடிக்கும்போது அது தன்போக்கில் திரும்ப வேண்டும். அதற்குத்தான் பிரேக்கை விடுவித்துவிட்டு வந்தேன்!"

"விடுவதா? பிடித்திருக்கும்போதே சாய்கிறது. விட்டால் குட்டியின் தலையில் அல்லவா விழும்!" கரடி இன்னும் பலமாக இழுத்தது. கோபுரம் இன்னும் கொஞ்சம் சாய்ந்தது.

சொல்லிப் புரியவைக்க நேரமில்லை. அணில் சட்டென்று குரலை மாற்றிக்கொண்டது.

"நீ சொல்வதுதான் சரி, அண்ணா. ஆனால் ஒரு சுற்றுப் போதாது. முனையை என்னிடம் கொடு. பாறைமுனையை இன்னொரு முறை சுற்றி வருகிறேன்."

"சீக்கிரம், சீக்கிரம்!" என்று கரடி முனையை நீட்டியது.

அணில் வாங்கியது. வாங்கியதும் விட்டுவிட்டது.

கொடி பாறையை உரசிக்கொண்டு பறந்தது. கரடி கண்களை இறுக மூடிக்கொண்டு, "போச்சு! எல்லாம் போச்சு!" என்று அழுதது.

எதுவும் விழவில்லை. கரடி ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தது. நீண்ட கை காற்று போகும் பக்கமே திரும்பியிருந்தது. கோபுரம் நிமிர்ந்து நின்றது. வீட்டுக்குள் குட்டி பால் குடித்துக்கொண்டிருந்தது.

"அது இன்னும் ஆடுகிறதே..." என்றது கரடி.

"ஆடட்டும் அண்ணா. ஆடுவதால்தான் நிற்கிறது."

காற்று ஓயும்வரை கரடி அதையே அண்ணாந்து பார்த்தபடி நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஆனால் கொடியை மட்டும் தொடவில்லை.

நீதி: காப்பாற்றுவதாக எண்ணிப் பயத்தில் இறுக்கிப் பிடித்தால், அந்தப் பிடியே ஆபத்தாகிவிடும்.