எட்டாவது சில்லு

"டாக்டரம்மா, நான் ஊருக்குக் கிளம்புறேன். இது என்னால ஆகாது."

செல்லப்பெருமாள் பையை வாசலிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். இருபது வருஷம் கடற்கரையில் ரேடார் திரை பார்த்தவர். ஒருநாள் மழையில் ஒரு சின்ன வள்ளம் திரையில் தெரியாமலே போய்விட்டது. ரேடாரின் நுண்ணலையில் இரைச்சல், அதாவது நடுக்கம், குறைவாக இருந்தால் தெரிந்திருக்கும் என்று யாரோ சொல்ல, ஐம்பது வயதில் இந்த ஆய்வகத்தில் மாணவராக வந்து சேர்ந்தார். மனுஷனுக்கு அப்படி ஒரு பிடிவாதம்!

அவருடைய ஆராய்ச்சி ஆசிரியை டாக்டர் ஜெசிந்தாவுக்கு முப்பத்தைந்து வயது. நகத்தளவு சில்லுக்குள் லேசர் ஒளியைச் சுற்றவிட்டு, அதிலிருந்து நுண்ணலை எடுப்பவர்.

"எத்தனை சில்லு அளந்தீங்கண்ணே?"

"ஏழு. ஒண்ணுலயும் இரைச்சல் இம்மி குறையலை."

சில்லுகள் இருந்த டப்பாவை அவர் பக்கம் தள்ளினார். ஏழின் மேலும் 'கழிவு' என்று சீட்டு.

"எட்டாவது கழிவு நான்தான்," என்றார்.

"சாப்பிட்டீங்களா?"

"அது கிடக்கட்டும்."

"கிடக்காது."

ஜெசிந்தா தன் டிபன் பாக்ஸை அவர் முன்னால் திறந்து வைத்தார். எலுமிச்சை சாதம், ஊறுகாய்.

"அளந்த தாளைக் குடுங்க."

சில்லுக்கு ஒரு தாள், தாளுக்கு ஒரு கோடு. ஏழு தாளையும் ஜெசிந்தா ஓரம் சேர்த்துத் தட்டி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"எத்தனை கோடு தெரியுது?"

"ஒண்ணு."

"ஏழும் ஒரே மாதிரி செஞ்சதா?"

"சேச்சே, ஒவ்வொண்ணும் ஒரு தினுசு..."

சாதத்தை மென்றுகொண்டிருந்த அவர் வாய் நின்றது.

அவர் மெதுவாகத் திரும்பி, மேசைமேல் இருந்த அளவுக் கருவியைப் பார்த்தார். ஒப்பிட்டுப் பார்க்க அதற்குள்ளேயே ஓர் அலை உண்டு. அவர் ஒருநாளும் சந்தேகப்படாத அலை.

"அடக் கடவுளே! எட்டு மாசமா இதோட இரைச்சலையா அளந்தேன்?"

ஜெசிந்தா டப்பாவிலிருந்து இரண்டு சில்லை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

கருவியின் அலையை விலக்கிவிட்டு, ஒரு சில்லை இன்னொரு சில்லோடு ஒப்பிட்டார் செல்லப்பெருமாள். திரையில் இரைச்சலின் கோடு இறங்கியது. இறங்கி, இறங்கி, அடியில் போய்ப் படுத்தது.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாவம், இதுங்களைப் போய் எப்படியெல்லாம் திட்டினேன்!"

ஒவ்வொரு சீட்டாக, வலிக்குமோ என்பதுபோல் உரித்தார்.

"ஏழு ஆச்சு," என்றார் ஜெசிந்தா. "எட்டாவது?"

செல்லப்பெருமாள் வாசலுக்குப் போய்ப் பையைத் தூக்கிவந்து மேசைக்கடியில் தள்ளினார்.

"இன்னும் கொஞ்சம் ஊறுகாய் இருக்கா, டாக்டரம்மா?"