நான்கு எல்லைக்கல்லும் ராஜாவின் குடையும்

முன்னொரு காலத்தில் மருதங்குன்றம் என்ற சீமையை விசயகண்டன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. காலையில் ஒரு மனசு, மத்தியானம் ஒரு மனசு, அவ்வளவுதான்.

அந்தச் சீமையில் நிலம் கைமாறினால், விற்பவரும் வாங்குபவரும் நான்கு எல்லைக்கல்லையும் சேர்ந்து சுற்றி வருவார்கள். சுற்றி முடித்தால் விற்றது விற்றதுதான். பூக்காரி சடைச்சி பத்து வருஷம் பூக்கட்டிச் சேர்த்ததைக் கொடுத்து ராஜாவின் தரிசு ஒன்றை வாங்கினாள். ராஜாவின் வெள்ளைக்குடையைத் தன் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு அவளோடு எல்லை நடந்தவர் அரண்மனை அதிகாரி ஏகாம்பரம். ராஜா பக்கத்து மேட்டில் யானைமேல் அமர்ந்து, வெற்றிலை மென்றபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

சடைச்சி கிணறு வெட்டினாள். இனிப்பான தண்ணீர் வந்தது. மல்லிகை அரும்பு கட்டியது. ஏகாம்பரத்துக்கு வயிறு எரிந்தது.

"மகாராஜா, விற்கச் சொல்லித் தாங்கள் எனக்கு உத்தரவே தரவில்லையே. அந்த விற்பனை செல்லாது" என்று ராஜாவின் காதில் ஓதினார்.

"அட, ஆமாம்" என்றார் ராஜா.

சடைச்சி சபைக்கு ஓடி வந்தாள். "எஜமான், உங்க குடைய நம்பித்தானே நடந்தேன்? அந்தத் தோட்டத்த விட்டா எனக்கு வேற நாதியில்ல."

மந்திரி திருமலைக்கொழுந்து எழுந்தார். "தீர்ப்பு நாளைக்கு இருக்கட்டும், மகாராஜா. ஏகாம்பரம் ஐயாவின் மாந்தோப்பில் வைத்துச் சொல்லலாம்."

மறுநாள் தோப்பில் எல்லோரும் கூடினார்கள். ஏகாம்பரத்தின் வெள்ளிப்பூண் தடியை ஊரே அறியும். "கொஞ்சம் கொடுங்கள், பார்க்கிறேன்" என்று வாங்கிய மந்திரி, அதை ஊன்றியபடி எழுந்தார். "சடைச்சி, ஏகாம்பரம் ஐயா இந்தத் தோப்பை உனக்கு விற்கிறார். வா, எல்லை நடப்போம்."

சடைச்சிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் நடந்தாள். முதல் கல்லைத் தொடுவதற்குள் ஏகாம்பரம் அங்கவஸ்திரம் நழுவ ஓடி வந்தார். "நிறுத்தும்! நான் எப்போது விற்கச் சொன்னேன்?"

"என்ன அவசரம்? நாலாவது கல்வரை பொறுத்திருக்கலாமே?"

"நன்றாயிருக்கிறதே! என் தடி உம் கையில். நானும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தால், நான்தான் உம்மை அனுப்பினேன் என்று ஊர் நம்பிவிடாதா?"

மந்திரி ராஜாவின் பக்கம் திரும்பினார். மென்றுகொண்டிருந்த ராஜாவின் வாய் நின்றது.

"ஓய் ஏகாம்பரம், உமக்கு முதல் கல்லுக்குள் வாய் திறந்துவிட்டது. நான் நான்கு கல்லையும் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தேன். தோட்டம் அவளுடையதுதான்."

மந்திரிக்கு முத்துமாலை கிடைத்தது. ஏகாம்பரத்துக்கு வெள்ளைக்குடை கிடைத்தது. சடைச்சியோடு அவர் இன்னொருமுறை எல்லை நடக்கவேண்டும், குடை இந்தத் தடவை அவள் தலைக்குமேல் என்று உத்தரவு.

சடைச்சி அவசரப்படவில்லை. செடிக்குச் செடி நின்று அரும்பு பறித்தாள். வெயில் ஏறியது. கை கடுத்த ஏகாம்பரம் மேட்டில் இருந்த ராஜாவைப் பாவமாகப் பார்த்தார்.

ராஜா வெற்றிலை மென்றபடி பார்த்துக்கொண்டிருந்தார்.